எல்லாரும் ஊருக்குப் போயிருந்த நாள்

மைசூர் தசரா ஊர்வலம் முடிந்த மறுநாள் எங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸில் ஒரு ஆண்பிள்ளைகூட வீட்டில் இருக்க மாட்டார். போனில் அப்படித்தான் சொல்லுவோம். உள்ளே எட்டிப் பார்த்தால் வீட்டுக்கு ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பார்.

வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். போலீஸ்காரர் வீட்டில் பிறந்து பார்த்தால் தெரியும். வாரக்கணக்கில் வெயிலில் நின்று, கயிறு பிடித்து, கூட்டத்தைத் தள்ளி, நின்றபடியே சோற்றை விழுங்கி வந்த மனுஷனுக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். அன்றைக்கும் விடமாட்டார்கள். யாரோ மந்திரி கிளம்புகிறார், ஆள் பத்தவில்லை, உடனே வா என்று போன் வரும். அதனால் அப்பாவுக்கு ஓய்வு என்றால் அவருடைய போன் அம்மா கைக்குப் போய்விடும். அம்மா போனை எடுத்தால் அப்பா மைசூரில் இல்லை, அவ்வளவுதான். எங்கள் சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். அங்கே இருக்கும் என் பெரியப்பாவை அம்மா போனிலேயே எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாள் என்று கணக்கே கிடையாது. மனுஷர் இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

நான் அந்த வருஷம்தான் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். முன்பு ஒரு வழக்கில் அப்பா சாட்சி சொல்லக் கூண்டில் ஏறியபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அவரைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா அதை நடித்துக் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எனக்கு மட்டும் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. கேள்வி கேட்கிற பக்கம் போய் நிற்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இடம் கிடைத்தது, பாதிக் கட்டணமும் கட்டினோம். மீதியை தசரா விடுமுறை முடிந்து திறக்கும்போது கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற உதவித்தொகை ஒன்றுதான் எங்களுக்கு வழி. அதற்கு மனுப் போட்டு மாதங்கள் ஆகியும் ஒரு தகவலும் இல்லை.

அந்த ஓய்வு நாளில், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவின் போன் அடித்தது. ஏதோ ஆபீஸ் நம்பர். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள். “மனேலி இல்ல மேடம், ஊரிகே ஹோகிதாரே” என்று கன்னடத்தில் தொடங்கி, வீட்டில் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறார், பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி, ஐ.சி.யூ., திரும்பி வர நாலைந்து நாளாகும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அம்மாவின் முகம் வெளுத்தது. “மேடம்! மேடம்!” என்று கத்தினாள். அவர்கள் வைத்துவிட்டார்கள்.

“என்னம்மா ஆச்சு?”

“ஸ்காலர்ஷிப்பு ஆபீசுப் புள்ளையாமா. உம்பேரு லிஸ்டுல வந்துருக்குதாமா. அப்பா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள யூனிஃபார்ம் போட்டுட்டு நேருல வந்து கையெழுத்துப் போடோணுமாமா. ஊருல இல்லீன்னா அப்படியே எழுதிக்கறேன்னு சொல்லி வெச்சுப்போட்டா!”

என் பெயர் வந்துவிட்டது! சந்தோஷத்தில் குதிப்பதா, கோபத்தில் கத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். “யாரு பேசறாங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியாம்மா?”

“நானென்ன கண்டேன் கண்ணு? கண்ட்ரோல் ரூமுலயுந்தான் பொம்பளப் புள்ளைக பேசுதுக!”

திருப்பி அடித்தால் எங்கேஜ்டு, மறுபடி அடித்தாலும் எங்கேஜ்டு. அம்மா உள்ளே ஓடி அப்பாவை உலுக்கினாள். “ஏனுங்க, எந்திரிங்க!”

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. “நா ஊருல இல்லீன்னு சொல்லு” என்றார்.

“அதச் சொல்லித்தானுங்க இப்பக் குடி முழுகிப் போச்சு!”

விஷயம் காதில் ஏறியதும் அப்பா எழுந்த வேகத்தில் கட்டில் நகர்ந்தது. யூனிஃபார்ம் பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. பீரோவிலிருந்த பழைய யூனிஃபார்முக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்தேன். “நானும் வர்றனுங்க, தப்பு எம்மேலதான” என்ற அம்மாவிடம், “யூனிஃபார்மப் போட்டுட்டு ட்ரிபிள்ஸாப் போகச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆபீஸில் போன் செய்த கிளார்க் அக்கா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். “ராமாபுரத்திலிருந்தா? அதற்குள்ளேயா?” என்று கன்னடத்தில் கேட்டார். வருங்கால வக்கீலான நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். “தூங்கிக்கொண்டிருந்தேன் மேடம்.”

கிளார்க் அக்கா சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி, “அப்படியென்றால் இவர்களும் தூங்குகிறார்களா?” என்றார். ஒருவர் திருப்பதியில் இருந்தார். ஒருவர் தர்மஸ்தலத்தில் பிள்ளைக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சித்தப்பாவின் அஸ்தியைக் கரைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் எங்கள் குவார்ட்டர்ஸ்! கிளார்க் அக்கா பாவம், காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு ஒவ்வொரு கதையையும் அப்படியே நம்பி எழுதியிருக்கிறார். என்ன விஷயம் என்று சொல்வதற்குள் அந்த வீடுகளில் போனை வைத்துவிட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. பட்டியல் முழுசாகத்தான் மேலே போகுமாம். அத்தனை கையெழுத்தும் வந்தால்தான் அதிகாரி அனுப்புவார், அதற்கும் அன்றைக்கே கடைசி நாள். “இல்லையென்றால்?” என்று கேட்டேன். “அடுத்த வருஷம்தான் மகளே” என்றார். அடுத்த வருஷம் எனக்குக் கல்லூரியே இருக்காது.

வந்த வழியே திரும்பிப் பறந்தோம். அப்பா முதலில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டு ஆன்ட்டி கதவைக் கால்வாசி திறந்து, யூனிஃபார்மில் நின்ற அப்பாவைப் பார்த்ததும், “இல்ல அண்ணா, திருப்பதிகே ஹோகிதாரே” என்றார். உள்ளேயிருந்து அங்கிளின் குறட்டை எங்களுக்கே கேட்டது. அப்பா வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அதோடு போகவில்லை. ஓய்வு நாளில் ஹெட் கான்ஸ்டபிளான அப்பா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருகிறார் என்றால் டூட்டிக்கு ஆள் பிடிக்கத்தானே வருகிறார்! அடுத்தடுத்த வீடுகளில் தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் மளமளவென்று கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னதும் அம்மா வீட்டுக்குள் போய், கையில் பிடித்துப் பேசும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊர்வலத்தில் கூட்டத்தை ஒதுக்க அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பா கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

“உங்க கொரலக் கேட்டா இருக்கறவனும் சுவரேறிக் குதிச்சு ஓடிருவான். தள்ளுங்க அக்கட்டால.”

நடு மைதானத்தில் நின்று, கன்னடத்தில், மொத்தக் குவார்ட்டர்ஸும் அதிர அம்மா பேசினாள். “அக்காமாரே! என் வீட்டுக்காரர் ராமாபுரத்தில் இருக்கிறார் என்று நான்தான் பொய் சொன்னேன். இவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் வந்த போன் டூட்டி போன் இல்லை. நம் பிள்ளைகளின் காலேஜ் ஸ்காலர்ஷிப்! அஞ்சு மணிக்குள் எல்லாரும் யூனிஃபார்மில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் வராவிட்டாலும் யாருக்கும் இல்லை. திருப்பதி போனவர்களும் தர்மஸ்தலம் போனவர்களும் தயவுசெய்து திரும்பி வாருங்கள்!”

முதலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. திருப்பதி அங்கிள் லுங்கியும் பனியனுமாக வெளியே வந்து, “எத்தனை மணிக்குள் என்றீர்கள் அக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான்! எல்லாக் கதவும் பட்பட்டென்று திறந்தன. கத்தலும் சிரிப்பும் தாங்கவில்லை. ஒருவருக்கு பெல்ட் இல்லை, ஒருவருக்குத் தொப்பி இல்லை, அஸ்தி கரைத்தவருக்கு ஷூவில் ஒன்று கிடைக்கவில்லை. அம்மா மைக்கை விடவே இல்லை. யார் வீட்டு அயர்ன் பாக்ஸ் சும்மா இருக்கிறது என்பதைக்கூட அதில்தான் கேட்டாள்.

வரிசையாக வண்டிகள் கிளம்பின. அவசரத்துக்கு மண்டி மொஹல்லா சந்துக்குள் நுழைந்தோம். இத்தனை காக்கியை ஒரே நேரத்தில் பார்த்து ரெய்டு என்று நினைத்துவிட்டார்கள். நடைபாதை வியாபாரிகள் மூட்டையைச் சுருட்டினார்கள், ஒரு கடையில் ஷட்டரே இறங்கியது. எங்களுக்கோ வழி கிடைத்தது, போதாதா! “ரெய்டில்ல, ஸ்காலர்ஷிப்!” என்று நான் பின்சீட்டிலிருந்து கூவிக்கொண்டே போனேன்.

அஞ்சு அடிக்கச் சற்றுமுன் அத்தனை பேரும் அதிகாரியின் அறையில் விறைப்பாக நின்றோம். அவர் பட்டியலைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். கன்னடத்தில் நிதானமாகத்தான் கேட்டார். “டூட்டிக்குக் கூப்பிட்டால் ஒருவரும் கிடைக்கமாட்டீர்கள். பிள்ளைகள் விஷயம் என்றதும் திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டீர்களா?”

கூண்டில் ஒரு வக்கீலுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்த என் அப்பாதான் வாயைத் திறந்தார்.

“டூட்டிக்கு எப்போதும் வந்துகொண்டுதான் சார் இருக்கிறோம். வீட்டுக்குத்தான் வர முடியவில்லை.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதிகாரி பேனாவை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார், அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போட்டார்கள். கடைசியாக அதிகாரி தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு கிளார்க் அக்காவிடம் சொன்னார்.

“நாளைக் காலை வரைக்கும் இவர்களில் யாரையும் டூட்டிக்குக் கூப்பிடவேண்டாம் என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடுங்கள். எல்லாரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள்.”

வெளியே வந்ததும் நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி நன்றாக ஒரு மூச்சு விட்டார். ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்தார்.

“வண்டிய நீங்க ஓட்டுங்க வக்கீலம்மா. நா பின்னால உக்காந்து தூங்கறேன்.”