பலகையில் எழுதாத வீடு

ஊர் அவளுக்கு வைத்த பெயர் 'சொட்டு'. தண்ணீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கசிவு கண்டுபிடிக்கிற வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருக்குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றாளானால், எந்த வீட்டில் குளிக்கிறார்கள், எந்த வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு டி.வி. பார்க்கிறார்கள் என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவாள்.

"சொட்டு வருது, குழாயை மூடுங்கப்பா!" என்று சலவைக்கடைக்காரர் குரல் கொடுப்பார்.

"மூடினா மட்டும்? உங்க மெஷினே உங்களைக் காட்டிக் கொடுத்திடும் சார்."

ஏரி வற்றிய வருடம், வீடானாலும் கடையானாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குறைத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மீறினால் மீட்டருக்குள் வில்லை போடுவார்கள். காசளவு பித்தளைத் தகடு, நடுவில் மிளகு நுழையும் துளை. அதற்குப்பிறகு தண்ணீர் நூலாகத்தான் வரும். நோயாளி இருக்கிற வீட்டுக்கு மட்டும் விலக்கு. உடனே தெருவுக்குத் தெரு பொய்க் காய்ச்சல் கிளம்பியது. விலக்கு கேட்கிறவர்களின் காரணத்தைத் தெருமுனைப் பலகையில் எழுதிவிடலாம் என்று யோசனை சொன்னவள் சொட்டுதான். எழுதிய மறுநாளே பாதிப் பேருக்குக் காய்ச்சல் விட்டுப்போயிற்று. அலுவலகமே சிரித்தது.

சலவைக்கடைத் தெருவில் எல்லோரும் குறைத்தார்கள், ஒரு வீட்டைத் தவிர. அது அவள் அண்ணன் வீடு.

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்றார் சலவைக்கடைக்காரர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கம்பியை ஊன்றிக் கேட்டாள். தண்ணீர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. மதியத்துக்குள் ஆறு முறை. வாளியை வழியவிட்டுவிட்டு அண்ணன் பேப்பர் படிக்கிறான் என்று முடிவு கட்டினாள்.

அண்ணன் கதவைப் பாதிதான் திறந்தான்.

"அண்ணி எங்கண்ணா?"

"தூங்குறா."

"நாலு மாசமா நான் எப்ப வந்தாலும் தூங்குறாங்க. என் மேல ஏதாவது கோபமா?"

"வந்த வேலையைப் பார்த்துட்டுப் போம்மா."

வில்லையைப் போட்டாள். பழகிய கை, நாலு நிமிடத்தில் முடிந்தது.

மூன்று வாரம் கழித்து மீட்டரைப் பார்த்தால் அளவு இம்மியும் குறையவில்லை. வில்லையைக் கழற்றிவிட்டான் என்று நினைத்தாள். வந்த கோபத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. குடம், குக்கர், டிபன் டப்பா, பூச்சாடி எல்லாவற்றிலும் இரவும் பகலும் பிடித்த நூல்தண்ணீர். குறுக்கே கட்டிய கயிறுகளில் படுக்கைவிரிப்புகள் ஈரமாகத் தொங்கின. கட்டிலில் அண்ணி. யாரோ அழகாக வகிடெடுத்து வாரிவிட்டிருந்தார்கள்.

"யாரு, டீச்சரா? வாங்க" என்றாள் அண்ணி, இருபது வருடம் பழகிய முகத்தைப் பார்த்து.

சோப்பில் ஊறி ஊறி அண்ணனின் விரல்கள் தோலுரிந்திருந்தன.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? 'படுக்கையிலேயே போயிடறா'ன்னு தெருமுனையில எழுதியிருப்பே. நினைவு இருந்தப்போ அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

"எழுத மாட்டேண்ணா. வில்லையை இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்தா, எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்களே. என்ன சொல்லுவே?"

பைக்குள் ஸ்பேனரைத் தேடிய கையை வெளியே எடுத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில், பலகையில் காரணம் வேண்டாம், கதவிலக்கம் போதும் என்று எழுதிக் கொடுத்தாள்.

"நீங்க கொண்டுவந்த சட்டம்தானேம்மா?" என்றார் அதிகாரி. தாள் மேசை மேசையாக நகர்ந்தது. தன் வீட்டுப் பங்கிலிருந்து தினமும் இரண்டு கேன் தண்ணீர் சுமந்துபோய் அண்ணியின் விரிப்புகளை அலசினாள். அண்ணி அவளை ஒவ்வொரு நாளும் டீச்சர் என்றே கூப்பிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கையெழுத்து ஆகி வந்தது. அண்ணி பத்தாம் நாளே போய்விட்டாள்.

அடுத்த மாதக் கணக்கில், தண்ணீரைக் குறைத்ததில் அந்தத் தெருதான் முதலிடம். சொட்டு ஸ்பேனரோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எடுத்துடறேண்ணா."

"இருக்கட்டும்மா. ஒத்தை ஆளுக்கு எதுக்கு அவ்வளவு தண்ணி?"

கதவு சாத்திக்கொண்டது. தெருவில் இறங்கியவள் கம்பியைக் குழாயில் ஊன்றிக் காதை வைத்தாள். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு டம்ளர் அளவுக்கு ஓடி, நின்றது.