பவர்காரரின் வாய்

கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் எழுதிக் கொடுப்பவர் என்பதால் அவருக்குப் பவர்காரர் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

கடைக்குப் பின்னால் ஒரு நீளமான இருட்டறை. அகலம் என்று பார்த்தால், கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். ஒரு கோடியில் நாற்காலி, மறுகோடியில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை. வந்தவரை உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பார். "இது தெளிவா? இப்ப? இதுவா, முன்னாடி போட்டதா?" சில்லை மாற்றும்போதெல்லாம் அவர் முகம் வந்தவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும்.

கைராசிக்காரர். அதைக் குறை சொல்ல முடியாது. வாய்தான் பொல்லாதது. கண் காட்ட வந்தவரின் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். வழுக்கையைச் சொல்வார், தொப்பையைச் சொல்வார். கடையில் ஃப்ரேம் எடுத்துக் காட்டும் பெண்ணுக்குக் கொஞ்சம் தடித்த கண்ணாடி. அவளை "சோடாபுட்டி" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் வாடிக்கையாளர் எதிரிலேயே. அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். சம்பளத்துக்கு நிற்பவள் வேறென்ன செய்வாள்?

காலம் கடந்து வருகிறவர்களை அவர் விடவே மாட்டார். "வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டணும்யா. வலி வந்தப்புறம்தான் வருவேன்னு உட்கார்ந்திருந்தா அது கண்ணா, இல்ல கல்லா?" என்று பிடிபிடியென்று பிடிப்பார்.

இப்படி ஊருக்கு உபதேசம் செய்தவர் தன் பல்லை ஒரு நாளும் யாரிடமும் காட்டியதில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துத் துப்பியபோது ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று முடிவு கட்டினார். ரத்தம் வந்த பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதையே நிறுத்தினார். புண்ணை யாராவது தேய்ப்பார்களா என்பது அவர் வாதம். தேய்க்காததால் ரத்தம் கண்ணில் படவில்லை. பார்த்தாயா, சரியாகிவிட்டது என்று தன் வைத்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். சொத்தை இல்லை, வலி இல்லை; அவருக்கு அது போதுமாக இருந்தது.

உள்ளே நடந்தது வேறு. பல்லோரத்தில் படிந்த அழுக்கு இறுகிக் காரையானது. காரைக்கு அடியில் ஈறு விலகியது, பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்தது. கூடவே ஒரு நாற்றம். அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை.

அதன்பின் கடையில் ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. போட்டுக் கொடுத்த கண்ணாடிகள் திரும்பி வந்தன. "போட்டா தலை சுத்துது", "படி எங்க இருக்குன்னே தெரியல, விழுந்துட்டேன்" என்று ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். பவர்காரர் எழுத்துப் பலகையை மாற்றினார், விளக்கை மாற்றினார். "கண்ணு பழகணும், ஒரு வாரம் போட்டுப் பாரு" என்று அதட்டி அனுப்பினார். அனுப்பப்பட்டவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

காய்ச்சல் பரவிய ஒரு பருவத்தில் கடையில் எல்லோரும் மாஸ்க் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பவர்காரர் மாட்டிய சற்று நேரத்தில் அதைப் பிய்த்து மேசைமேல் எறிந்தார்.

"ஏய் சோடாபுட்டி! யார் போட்டுக் கழட்டினதை எனக்கு எடுத்துக் குடுத்த? குமட்டிக்கிட்டு வருது!"

கடையில் கூட்டம் இருந்தது. அந்தப் பெண் தன் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"மாஸ்க் புதுசு சார். கவரை உங்க எதிர்லதான் கிழிச்சேன். நாத்தம் அதுல இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கடை முழுக்கச் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை, அவர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டதுதான் பவர்காரரை அறைந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. உங்க தங்கச்சி, மாப்பிள்ளை எல்லாரும் வந்திருந்த அன்னிக்கு, அடுப்படியில தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். நீங்க கூடத்துக்குப் போய், 'இவ மூஞ்சி அழகுக்கு என் வாய் நாறுதாம்'னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க. அதுக்கப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

பல் டாக்டரம்மா அவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ரத்தம் எப்பலேர்ந்து வருது?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சு டாக்டர். வலியும் கிடையாது."

"ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காதுங்க. ரத்தம் வந்தா அந்த இடத்தை இன்னும் நல்லா, மெதுவா, தேய்க்கணும், விட்டுடக் கூடாது. காலையில, படுக்கப் போறப்ப ரெண்டு வேளையும் தேய்ச்சு, பல்லிடுக்கை நூலால சுத்தம் பண்ணி, அப்பப்ப வந்து காரையைச் சுரண்டிட்டுப் போயிருந்தா இந்தப் பல்லு எல்லாம் உங்களோடயே இருந்திருக்கும். முன்பல் நாலும் ஆடுது. எடுத்துடலாம்."

வலி வந்தபிறகு வருகிறாயா என்று ஊரைக் கேட்டவர், வாயைத் திறந்தபடியே படுத்திருந்தார். நாலு பல்லும் போயின. மற்ற பற்களின் ஈறுகளைச் சுத்தம் செய்து, முன்னால் பல்செட்டு மாட்டி அனுப்பினார்கள். இப்போது அவர் வாயில் நாற்றம் இல்லை. இருட்டறையில்தான் அவருக்கு இடம் இல்லை. அங்கே முதலாளி ஒரு புது ஆளை உட்கார வைத்திருந்தார்.

"வாய் சரியாப்போச்சு, சரி. கை சரியா இருக்குன்னு நான் எப்படி நம்புறது? எத்தனை கண்ணாடி திரும்பி வந்துச்சு!" என்றார் முதலாளி.

பவர்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். "உங்க ஆள் முதல்ல இவ கண்ணைப் பார்க்கட்டும். அப்புறம் நான் பார்க்கிறேன். ஒரு துளி வித்தியாசம் இருந்தா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

புது ஆள் பார்த்து எழுதினான். பிறகு அவர் பார்த்தார். மனைவி ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் படித்தாள். "முன்னாடி போட்டதுதான் தெளிவு... இல்ல, இது மங்கல்" என்று பொறுமையாகச் சொன்னாள். இரண்டு சீட்டையும் முதலாளி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே எண். பவர்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலாளி என்ன நினைத்தாரோ, அவள் போட்டு வந்திருந்த பழைய கண்ணாடியை வாங்கி, பவர் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். எங்கோ இருந்தது அந்த எண்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்... போன வருஷம்..." என்று பவர்காரர் இழுத்தார்.

மனைவி குறுக்கிட்டாள். "அப்ப நான் எழுத்தையே பார்க்கல முதலாளி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, இவர் எப்ப நகருவார்னு, எதைக் கேட்டாலும் தெரியுது தெரியுதுன்னேன். வந்தவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லிட்டு எழுந்து ஓடியிருப்பாங்க?"

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா இந்தக் கடை பேர்ல ஊர்க்காரங்க மாட்டிக்கிட்டுத் திரியறது எல்லாமே தப்புக் கண்ணாடியா?"

முதலாளி பவர்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க கை நல்ல கைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா 'பவர்காரரை அனுப்பிட்டேன்'னு ஊர்ல சொன்னாத்தான் இனிமே ஒருத்தர் படி ஏறுவாங்க. நீங்க வர வேணாம்."

ஃப்ரேம் காட்டும் பெண் துணியால் கண்ணாடி துடைப்பதை நிறுத்தவே இல்லை.

தெருவுக்கு வந்ததும் பவர்காரர் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? அதைச் சொன்னா என் பிழைப்பு போயிடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் அவள்.