இம்பாலாவுக்கு வழிவிட்ட சுவர்

சித்திரை வெயிலில் எனக்குப் பல் கிட்டிப்போனது. வெளியே மொரப்பூர் ரோட்டில் தார் உருகிக்கொண்டிருக்க, காருக்குள்ளே தோல் சீட்டின் வாசனையும் அத்தரும் மூக்கில் ஏற, குளிர்காற்று முகத்தில் அடித்தது. இன்றைக்கு என் வீட்டில் சமையலறை தவிர எல்லா அறையிலும் ஏ.சி. உண்டு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் புளி வியாபாரத்தில் கட்டிய வீடு; தருமபுரிக்கு வந்து யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஆனால் எங்கள் ஊரில் முதன்முதலில் ஏ.சி. காற்று வாங்கியவன் நான்தான் என்பதுதான் என் முதல் பெருமை.

அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்த கார் அது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெங்களூரில் ஒரு முதலாளியிடம் டிரைவர். அந்த முதலாளியின் இம்பாலா என்ற அமெரிக்கக் காரையே இரவல் கேட்டு ஓட்டி வந்துவிட்டார். மாப்பிள்ளையை அழைத்து வருவது மச்சினன் வேலை என்பதால், பத்து வயதிலேயே அந்தக் "கப்பல் காரு"க்குள் ஏறும் யோகம் எனக்கு. முன்சீட்டே எங்கள் வீட்டுக் கட்டில் அகலம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி தானாக ஏறி இறங்குவதை நம்பாமல், கதவுக்குள் ஆள் யாராவது இருக்கிறானா என்று காதை வைத்துக் கேட்டேன்.

எங்கள் சந்துக்குள் திரும்பியதும் கார் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், மறுபக்கம் பெரியப்பாவின் கல் சுவர். அந்தச் சுவரை அவர் பாதைக்குள் தள்ளிக் கட்டியதிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மாட்டு வண்டி உரசுகிறது என்று அப்பா பஞ்சாயத்துவரை போயும் ஒரு கல் நகரவில்லை. கல்யாணப் பத்திரிகைகூட அவருக்கு வைக்கவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா வராத கல்யாணமா என்று அக்கா அழுதுகொண்டே இருந்தாள்.

"எறங்கி நடக்கறதுன்னா பஸ்ஸுலயே வந்திருப்போமே," என்று மாப்பிள்ளையின் மாமா முறைத்தார். "ஒரு கோடு விழுந்தா எங்க மொதலாளி என் தோல உரிச்சிருவாரு."

கண்ணாடிக்கு வெளியே அப்பா கையை ஆட்டிக் கத்தினார், சத்தம் வரவில்லை. காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பெரியப்பாவின் தலை சுவருக்கு மேல் எழும்பியது. காரை மூக்கிலிருந்து வால்வரை கண்ணாலேயே அளந்தார். வாய் அசைந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி இறங்க இறங்கப் பேச்சு உள்ளே வந்தது.

"யோவ் டிரைவரு, அப்பிடியே நில்லுய்யா! இம்மாம் பெரிய காரு, கல்லுல உரசுனா என்னாத்துக்கு ஆவும்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரியப்பாவே மேல் கல்லைப் பிடுங்கிப் போட்டார்.

"என் வண்டிக்கு வராத கல்லு, இதுக்கு மட்டும் எப்பிடி வருது?" என்றார் அப்பா.

"உன் வண்டியும் இதுவும் ஒண்ணாடா? பேசாம அந்தப் பக்கம் புடி."

அண்ணனும் தம்பியுமாகச் சுவரைப் பிரித்துப் போட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு பெரியப்பா ஜன்னல் பக்கம் குனிந்தார். "உள்ள குளுருமாமே?"

நான் தள்ளி உட்கார்ந்தேன். பந்தல் வாசலில் மாப்பிள்ளையோடு பெரியப்பாவும் இறங்கியதைப் பார்த்த அக்கா, மாப்பிள்ளையைப் பார்க்கவே மறந்துவிட்டாள்.

போன மாதம் நானே ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினேன். அந்தப் பெங்களூர் முதலாளி பார்த்தால் வாயைப் பிளப்பார். முதல் வேலையாக அதே சந்துக்குள் ஓட்டிப்போனேன். பெரியப்பா இப்போது இல்லை. அந்தச் சுவரையும் அவர் திரும்பக் கட்டவே இல்லை. சந்து நிறையக் கார்கள். வேடிக்கை பார்க்கத்தான் ஆள் இல்லை. ஹாரன் அடித்தேன். பெரியப்பாவின் மகன் செல்போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தான்.

"அண்ணா, கொஞ்சம் பின்னால எடுங்க. எங்க வண்டி வெளிய வரணும்."

எடுத்தேன். தெருமுனைவரை போய், இன்னொரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தேன்.