தேருக்கு முன்னால் எடுத்த படம்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஊரில் படுக்கையாய்க் கிடந்த அம்மாவின் அப்பாவிடமிருந்து பினாங்குக்குக் கடிதம் வந்தது. மகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமாம். கப்பலேறிப் போக வழியில்லை. போட்டோதான் அனுப்ப வேண்டும். அம்மாவுக்கோ, போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். தைப்பூசத்தன்று சாமி தேர் பின்னால் நிற்கும்போது எடுத்தால் சரி, முருகன் பார்த்துக்கொள்வான் என்று கடைசியில் இறங்கி வந்தாள்.

சித்தப்பா என்னையும் போட்டோக் கடைக்குக் கூட்டிப் போனார்.

"ஓடுற தேருன்னா இந்தக் கைப்பெட்டிக் கேமரா போதும், தம்பி. ஆனா முகம் கடுகத்தனைதான் விழும்," என்றார் கடைக்காரர். "முகந்தான் வேணும்னா இந்த மூணுகால் கேமரா. அவங்க அசையாம நிக்கணும்."

"எங்க அண்ணியா? அரிசி களையிறப்பகூட நாலு தடவ வாசலுக்கு வந்துட்டுப் போவாங்கண்ணே!"

ஆனாலும் முகந்தான்லா முக்கியம் என்று, பெரியதையே கொண்டுவரச் சொன்னார்.

தைப்பூசத்தன்று காலையில் தேர் எங்கள் வாசலில் நின்றது. தேங்காய்கள் சிதறின. தலைநிறையப் பூவோடு அம்மா கேமராவைப் பார்த்து நின்றாள். அந்நேரம் தீபாராதனை மணி அடித்தது. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க அவளால் ஆகவில்லை. திரும்பிக் கைகூப்பியவள் அசையவே இல்லை.

"அண்ணி! இங்க பாருங்கண்ணி!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் எதையும் கவனிக்காமல் கேமராவின் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு என்று எண்ணி மூடிவிட்டார். தேரும் நகர்ந்துவிட்டது.

படம் பளிச்சென்று விழுந்திருந்தது. கொண்டையில் இருந்த பூவை எண்ணிவிடலாம். முகம்தான் இல்லை. இதில் முருகனைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. மறுபடி எடுக்கலாம் என்றதற்கு, "சாமி இல்லாம மாட்டேன்" என்றாள் அம்மா. வேறு வழியில்லாமல் அப்பா அதையே தபாலில் சேர்த்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்பா உரக்கப் படித்தார்.

"படம் கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடைசியாகப் பார்த்தது இந்த முதுகைத்தான். என் பிள்ளையேதான்."

நான் கைதட்டிச் சிரித்தேன். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தப்பாவிடம் போனாள்.

"அந்த மூணுகால் கேமராக்காரர இன்னைக்கே வரச் சொல்லுங்க, தம்பி."

"தைப்பூசத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு, அண்ணி!"

"பரவால்ல. வரச் சொல்லுங்க."

தாத்தாதான் கண்டுபிடித்துவிட்டாரே, இன்னொரு படம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே நான் அவள் பின்னால் ஓடினேன்.