கமலாட்சி டீச்சரின் பூட்டிக்கொண்ட கார்

உக்குவளையில் கமலாட்சி டீச்சரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய சிவப்புக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. அது ஊர்ந்து வந்தால் பின்னால் வருகிற பஸ்காரர் பொறுமையிழந்து ஹார்ன் அடிப்பார். டீச்சர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வரிசைவீட்டில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகி, கல்யாணம் கட்டி உக்குவளைக்கு வந்தவர். அதே பள்ளிக்கூடத்துக்கு இருபத்திரண்டு வருடம் காலை பஸ்ஸில் நின்றும் தொங்கியும் மலையேறினார். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகப்போவதாகச் சொன்னபோது, கணவர் காளிமுத்து வாயில் ஊற்றிய தேநீரை விழுங்க மறந்துபோனார். மூன்று தடவை பரீட்சையில் கோட்டை விட்டு, நாலாம் தடவை லைசன்ஸ் எடுத்தார். வாங்கியது பலர் கைமாறி வந்த பழைய கார்தான். ஆனாலும் அவர் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் அவர். அதை முதல்முதலாகக் கழுவிய அன்று வாளியும் கையுமாக நின்று அழுதார். சந்தோஷம் தாங்காத அழுகை.

டீச்சருக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. கதவைப் பூட்டினால் நாலு தரம் இழுத்துப் பார்ப்பார். கறிக்கு உப்புப் போட்டால் மட்டும்தான் கொஞ்சம் யோசிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வீட்டு வாசல் சரிவில் நின்ற காரில் சாவி திரும்பவில்லை. ஸ்டியரிங்கும் கல்லாகக் கிடந்தது. காளிமுத்து கார் திருத்துகிற கராஜ் பாஸுக்குப் போன் போட்டார். அந்த மனுஷன் வந்து பார்க்கவுமில்லை, ஒரு கேள்வி கேட்கவுமில்லை. சாவி போடுகிற பூட்டோடு ஸ்டியரிங் பூட்டையும் சேர்த்து முழு செட்டாக மாற்றவேண்டும், புதுச் சாவியைக் கம்பியூட்டரில் பழக்கவேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பலவந்தமாகத் திருப்பினால் சாவி உள்ளேயே முறிந்துவிடும், யாரும் கைவைக்க வேண்டாம் என்று பயமும் காட்டினார். அவர் சொன்ன தொகை டீச்சரின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

அன்று பின்னேரம் காளிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே, கட்டுப்படியாகாது, விற்றுவிடுவோம் என்றார். டீச்சர் எழுந்து உள்ளே போனார். இவருக்கு ஆரம்பத்திலிருந்தே என் கார் கண்ணில் குத்தியது, இப்போது சாக்குக் கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் பொருமினார். அந்த வாரம் முழுக்க மறுபடியும் பஸ்.

ஞாயிற்றுக்கிழமை நாலந்தாவிலிருந்து புஹாரி நானா வந்தார். பழைய வாகனங்கள் வாங்கி விற்பவர். காரைச் சுற்றிவந்து, கதவைத் தட்டிப் பார்த்து, பூட்டு மாற்றும் செலவைக் கழித்து ஒரு விலை சொன்னார். காளிமுத்து அவரைத் தேநீர் குடிக்க உள்ளே கூட்டிப்போனார்.

காரில் கிடந்த குடையையும் விடைத்தாள் கட்டையும் எடுக்க டீச்சர் போனார். எடுத்தவர் இறங்கவில்லை. சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சாவியைப் போட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடது கையால் சாவியைப் பிடித்தபடியே, வலது கையால் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமாக உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து விம்மினார்.

உள்ளே எதுவோ டக்கென்றது. சாவி சுலபமாகத் திரும்பியது. கார் உறுமியது.

சத்தம் கேட்டு ஆண்கள் இருவரும் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார்கள். புஹாரி நானா குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்; பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சரிவில் காரை நிறுத்தினால், பிரேக் பிடிக்காமல் போனாலும் உருளாதபடி முன்சக்கரத்தைத் திட்டுப் பக்கம் திருப்பிவைப்பது மலைநாட்டு வழக்கம். எல்லோரும் கொஞ்சம் திருப்புவார்கள். டீச்சர் முடிந்தமட்டும் ஒடித்து, டயர் திட்டோரக் கருங்கல்லில் அழுந்தும்வரை விட்டிருந்தார்.

"பூட்டுல ஒரு பழுதும் இல்ல டீச்சர். சக்கரம் கல்லுல முட்டி ஸ்டியரிங்க இழுத்துக்கிட்டு நின்டிருக்கு, அதான் உள்ளுக்கு இறுகிட்டுது. மத்தப் பக்கம் நல்லா இழுத்துப் புடிச்சா சாவி திரும்பிரும்."

ஒரு வாரத்துக் கவலைக்கும் மருந்து அவ்வளவுதான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் புஹாரி நானா வியாபாரி அல்லவா? ஓடுகிற கார் என்றால் பேச்சே வேறு, முழு விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று அப்போதே சொன்னார். முதலில் சொன்னதைவிட அது நல்ல தொகை.

டீச்சரின் சிரிப்பு அடங்கியது. அவர் கணவரைப் பார்த்தார். காளிமுத்து கோப்பையை மதிலில் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க நானா. செலவுக்கு வழியில்லாமதான் குடுக்க நெனச்சேன். இந்த ஒரு வாரமா இவ பஸ்ல தொங்கிக்கிட்டு போறத பஸ் ஹோல்ட்ல நின்னு பாத்தேன். இன்னொரு தடவ என்னால பாக்க ஏலாது."

இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் காளிமுத்து இப்படி ஒரு வார்த்தை பேசி டீச்சர் கேட்டதில்லை. தான் போகிற பஸ்ஸை அவர் நின்று பார்ப்பதும் தெரியாது. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. எட்டி இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.