தோள் நோகாத துப்பாக்கி

டொரொண்டோவின் வடகிழக்கு ஓரத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் அதே பக்கத்து மல்வேர்னில் தங்கியிருப்பது குகன் அண்ணை வீட்டில். அவர் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகப் போகிறார். துப்பாக்கி வாங்க என்னையும் கூட்டி வந்திருக்கிறார்.

எந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி வேண்டும் என்று கேட்டு, விற்பனைப் பெண் கண்ணாடி மேசையில் இரண்டு ரகத் தோட்டாக்களை நிறுத்துகிறாள். பெரியது .308. சின்னது .223, அதன் பக்கத்தில் நோஞ்சான் பிள்ளை மாதிரி நிற்கிறது. மானுக்குப் பெரியதுதான் சரி, சின்னது நரிக்குத்தான் போதும், அதில் சுட்டால் மான் விழாமல் காயத்தோடு ஓடிவிடும் என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொல்கிறாள்.

அண்ணை சின்னதையே தொடுகிறார். "பெரிசு சுடேக்க பின்னால உதைச்சுத் தோளை உடைச்சுப் போடும். எனக்கு உது காணும்."

"மான் காயத்தோட ஓடிச்செண்டால் என்ன செய்வியள் அண்ணை?"

"ஓடினால் ஓடட்டும். காட்டில மான் ஒண்டே ஒண்டோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயிற்றில் குண்டோடு ஒரு உயிர் பனிக்குள் கிடந்து துடிக்கும். இவருக்குத் தன் தோள் நோகக் கூடாது!

அவர் சின்னத் தோட்டாத் துப்பாக்கிக்கே காசைக் கட்டுகிறார். வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கும் கேக் தட்டை அந்தப் பெண் நீட்டுகிறாள். ஒரு துண்டை எடுத்தவர், முட்டை போட்டதா என்று அவளிடம் கேட்கிறார். அவள் ஆமென்று தலையாட்டியதும் கை சுட்டதுபோல் திரும்ப வைக்கிறார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லே தம்பி," என்கிறார் என்னிடம். "நான் முட்டையும் தொடமாட்டன்."