அத்தனை வேனில் எது எங்கள் வேன்?

வீடுகளுக்குள் செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக ஆறு வீடுகள், நடுவில் ஒரே ஒரு குழாய். எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என் கணவருக்கு எல்லையைத் தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட்டுக்கு மெயின் ரோட்டில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும்.

அப்போது ஓசூர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இருந்தது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் போனில் டவர் மாறிவிடும். ரோமிங். நமக்கு வருகிற போனை நாம் எடுத்துப் பேசினாலும் நம் காசுதான் போகும். அதனால் எல்லை நெருங்கியதும் வேனில் இருப்பவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போனை அணைத்துவிடுவார்கள். என் கணவர் கம்பெனி வாசலில் இறங்கியதும் போனைப் போட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். உடனே மறுபடி அணைத்துவிடுவார். சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு ரிங்கில்தான் என் பொழுது ஓடும்.

என் குணம் அப்படி. நல்லது நடக்கும் என்று யாராவது சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்பேன். கெட்டது நடக்கும் என்று சொன்னால் ஒரு கேள்வி கேட்க மாட்டேன், அப்படியே நம்பிவிடுவேன். ஷிப்ட் முடிந்து அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும். மகளின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, சாமான்களை மூட்டை கட்டி, ஊருக்கு பஸ் ஏறுவது வரைக்கும் யோசித்து முடித்திருப்பேன். அவர் தூக்குவாளியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்.

எதிர் வீட்டு அக்கா எனக்கு நேர் எதிர். உள்ளூர்க்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். அவர் கணவருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை, தினமும் தன் பைக்கிலேயே போய் வருவார். அக்காவின் வாயில் எதற்கெடுத்தாலும் ‘நல்லதாப் போச்சு’தான். கரண்ட் போனால், “நல்லதாப் போச்சு, டிவி நின்னுது, பசங்க ரெண்டு எழுத்து படிக்கும்.” காயப்போட்ட வடகத்தில் மழை கொட்டினால், “நல்லதாப் போச்சு, ஊரே வெந்து கெடந்துது.” குழாயில் செம்மண்ணாகத் தண்ணீர் வந்தால்கூட, “செடிக்கு ஊத்தலாம், நல்லதாப் போச்சு.” எனக்கு எரிச்சலாக வரும். இந்த அம்மாவுக்குக் கஷ்டம் என்று ஒன்று வந்ததே இல்லை போலிருக்கிறது, அதனால்தான் வாய் இப்படிப் பேசுகிறது என்று கணவரிடம் பொரிந்து தள்ளுவேன்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடும் நாள். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ஒரு கையில் போன், ஒரு கையில் குடம் என்று வரிசையில் நின்றேன். வழக்கமாக மகளுக்கு நான் ஜடை பின்னும்போதே மிஸ்டு கால் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. தினமும் அதைத்தான் சொல்லும், ஆனாலும் அன்றைக்கு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். “அக்கா, அத்திப்பள்ளிகிட்ட கம்பெனி வேன் ஒண்ணு கவுந்துட்டுதாம். நாலு பேரு அங்கியே போயிட்டாங்களாம். ரோடெல்லாம் ஜாமு, ஒரு வண்டி நகரல.”

என் கையிலிருந்த குடம் உருண்டது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனசு அந்த வேன் பக்கத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நேராக விருதுநகருக்குப் போய்விட்டது. அவருடைய அம்மாவிடம் யார் சொல்வது, ஆம்புலன்ஸ் ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும், மகளை அப்போது யார் மடியில் உட்கார வைப்பது என்றெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. உயிரோடு இருக்கிறாரா என்று தெரியும் முன்பே நான் அவருக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டேன்.

எதிர் வீட்டு அக்கா குழாயடியில் நின்றிருந்தார். காம்பவுண்டு வாசல் பக்கம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பர்ஸை எடுத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

“ஏந்திரும்மா. உக்காந்து அழுதா சேதி தெரிஞ்சிடுமா? போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

குழாய்க்குக் கீழே அவர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு வீணானாலும் சத்தம் போட்டுத் தெருவையே கூட்டிவிடுகிற மனுஷி, அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்தப் பதற்றத்திலும் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. எனக்காக இவ்வளவு துடிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அத்திப்பள்ளி பஸ் கிடைத்தது. ஏறியதுதான் தெரியும், அது ஊர்ந்தது. நான் போனை அழுத்துவதும் காதில் வைப்பதுமாக இருந்தேன்.

“ஆஃப்லயே இருக்குக்கா. அவுக எடுக்கவே மாட்றாக.”

“என்னிக்கு ஆன்ல இருந்துச்சு? பார்டர் வந்தா தம்பி ஆஃப் பண்ணிடும்னு நீதான சொல்லுவ?”

“மிஸ்டு கால் வரலியே?”

“ரோடு ஜாமுன்னு பால்காரரு சொன்னாரில்ல? கம்பெனிக்கே இன்னும் போய்ச் சேந்திருக்காது. எறங்குனாதான குடுக்கும்?”

“நாலு பேரு போயிட்டாகன்னு சொன்னாரேக்கா.”

“அவுரு எண்ணிப் பாத்தாரா? அவுருக்கு டீக்கடையில யாராச்சும் சொல்லியிருப்பாங்க. டீக்கடைக்கு யாரு சொன்னது?”

நான் எதைச் சொன்னாலும் அக்காவிடம் ஒரு பதில் இருந்தது. எனக்கு ஆத்திரம்கூட வந்தது. உங்களுக்கென்ன, உங்கள் வீட்டுக்காரர் பைக்கில் சொகுசாகப் போயிருப்பார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நெரிசலில் வரிசையாக வேன்கள், பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி.

“இதுல எது உங்க வேனு, சொல்லு பாக்கலாம்.”

உற்றுப் பார்த்தேன். “தெரியலக்கா.”

“கண்ணு முன்னாடி நிக்கறதுலயே எது உங்க வேனுன்னு தெரியல. கண்ணுல பாக்காத வேனு கவுந்தா, அது உங்க வேனுதான்னு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?”

சமாதானமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விருதுநகர் வரைக்கும் ஓடிய மனசு அந்தக் கேள்வியில் தடுக்கி, திரும்ப பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு இருவரும் வேன்களைப் பார்த்துக்கொண்டே போனோம். ஒவ்வொன்றையும் காட்டி, “இது உங்களுதா? இதுவா?” என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். பார்வையை ஜன்னலை விட்டு எடுக்கவேயில்லை.

செக்போஸ்ட்டுக்குப் பிறகு பஸ் அசையவில்லை. இறங்கி நடந்தோம். கொஞ்ச தூரத்தில் கூட்டம். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், வேன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ரோடு முழுக்கக் கண்ணாடித் தூள். ஒற்றை டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. வேனின் விலாவில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன். எங்கள் கம்பெனிதான்.

அக்காவின் பதில்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று புரிந்தது. அடிபட்டவர்களைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக யாரோ சொன்னதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். வலித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸிடம் அக்கா கன்னடத்தில் கேட்டார். எனக்குக் கன்னடம் வராது. ஆனால் பெயர் புரியுமே. முதலில் என் கணவர் பெயரைச் சொன்னார். அடுத்து இன்னொரு பெயரையும் சொன்னார். அது அவருடைய கணவர் பெயர்.

“எதுக்குக்கா அண்ணன் பேரச் சொல்றீக?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போகிற நர்ஸையே பார்த்துக்கொண்டு சொன்னார். “காலையில பைக்கு ஸ்டார்ட் ஆவல. நான்தான் தம்பியோட வேன்ல ஏறிப் போங்கன்னு அனுப்பி வெச்சேன்.”

அந்த பைக் காம்பவுண்டு வாசலிலேயே நின்றிருந்ததே! அதை உரசிக்கொண்டுதானே இருவரும் வெளியே வந்தோம். தினமும் அந்த நேரத்தில் அங்கே இருக்காத வண்டி. நான் பார்க்கவேயில்லை. பால்காரர் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து இந்தப் பெண் தன் புருஷனை நினைத்துக்கொண்டே என்னை இழுத்து வந்திருக்கிறார். நான் ஒருத்தி மட்டும்தான் பறிகொடுக்கப் போகிறவள் என்று வழி முழுக்க அழுதுகொண்டு வந்திருக்கிறேன்.

உள்ளேயிருந்து என் கணவர் வந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். நான் அலறிய அலறலில் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. இது என் ரத்தம் இல்ல” என்றார். சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் போன் வேனோடு போய்விட்டது. வேறொருவர் போன் கொடுத்தபோது என் நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரியவில்லையாம். பால்காரர் சொன்ன நாலு பேர் கதை பொய். யாரும் சாகவில்லை. ஆனால் எதிர் வீட்டு அண்ணனின் கால் சீட்டுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. என் கணவர்தான் அவரை வெளியே இழுத்து, மடியில் கிடத்திக் கொண்டுவந்திருக்கிறார். என் புருஷன் முழுசாக என் முன்னால் நிற்கிறார், அவர் கையைக்கூட என்னால் தொட முடியவில்லை. பக்கத்தில் அக்கா நிற்கிறாரே. சந்தோஷம் வந்ததே எனக்கு அசிங்கமாக இருந்தது.

அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் வராந்தாத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. ‘நல்லதாப் போச்சு’ என்ற வாயிலிருந்தா இந்தச் சத்தம் வருகிறது என்று பயந்துபோனேன். பஸ்ஸில் அவர் எனக்குச் சொன்னதுபோல நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே. குனிந்து, “ஒண்ணும் ஆகாதுக்கா” என்றேன்.

அக்கா நிமிர்ந்தார்.

“ஆயிடுச்சும்மா. காலு போயிடுச்சு. தெரியாதப்ப ஆயிரம் சொல்லலாம். ஆனத ஆவலன்னு சொல்லாத. அடுத்து என்னா பண்றதுன்னு மட்டும் சொல்லு.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெங்களூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் எப்போது வரும், ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று என் கணவரிடம் கேட்டார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் சாப்பாடு போடச் சொல்லி வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார். அழுகை நின்றபாடில்லை, அழுதுகொண்டேதான் இவ்வளவையும் செய்தார்.

அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் அடிக்கடி சாப்பாடு கட்டிக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஒருநாள் கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் எங்களைப் பார்த்து, “நல்லதாப் போச்சு, இனிமே செருப்பு ஒண்ணு வாங்குனா போதும்” என்றார். அக்கா துண்டை எடுத்து அவர் தோளில் ஒன்று வைத்தார். பிறகு சிரிப்பு தாங்காமல் வெளியே ஓடிவந்துவிட்டார்.

வராந்தாவில்தான் கேட்டேன். “அன்னைக்கு பஸ்ல ஏங்க்கா அண்ணனும் அதுல போயிருக்காகன்னு எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீயும் அழுவ, நானும் அழுவேன். அப்பறம் பஸ்ஸ யாரு புடிக்கிறது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எது உங்க வேனுன்னு கேட்டுகிட்டே வந்தனே, அத உனக்குன்னா நெனச்ச? எனக்குத்தான்மா கேட்டுகிட்டு வந்தேன்” என்றார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது ரோமிங்கும் இல்லை, மிஸ்டு காலும் இல்லை. என் குணம் மட்டும் முழுசாக மாறிவிடவில்லை. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் போனை எடுக்கத் தாமதமானால் என் மனசு இன்றைக்கும் முதலில் கெட்ட இடத்துக்குத்தான் ஓடுகிறது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ‘கவிழ்ந்தது நம் வேன்தான் என்று உனக்கு யார் சொன்னது?’ என்று கேட்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பதில் இருப்பதில்லை. பதில் இருக்கிற நாளும் ஒருநாள் வரலாம், அன்றைக்கு அழுதுகொண்டேயாவது எழுந்து பஸ் பிடிக்க வேண்டும் என்பதை, வழிந்த குடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நடந்த அந்த அக்காவின் முதுகைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.